வலமிருந்து மூன்றாவது மனை

மார்ச் 3

நாத்தனாருக்கு,

நான் நடுத்தெருவில் உட்கார்ந்திருக்கவில்லை. மகனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறவும் இல்லை. என் சம்பந்தியம்மா உனக்குத் தொலைபேசியில் சொன்ன கதையில் உண்மையான பகுதி, நான் உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும்தான். அதையும் அவர் சரியாகச் சொல்லவில்லை. ஒரு காலி மனையில், அலுமினிய மடக்கு நாற்காலியில், குடையின் கீழ், நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். தலை வாரியிருந்தேன். ஷூ போட்டிருந்தேன். "பாவம், தனியா ஏதோ முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க" என்றாராம். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். மருந்துக் கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்த முப்பத்தொரு வருடமும் அளவுகளை அப்படித்தான் எழுதினேன். அப்போது யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

நீ உடனே என் மகனைப் போனில் பிடித்து, "அண்ணிய என்னடா பண்ணினீங்க?" என்று கேட்டாயாம். அவன் மிரண்டு போய்விட்டான். உன் அண்ணன் போன பிறகு நாலு வருடமாக எனக்கு ஒரு வரி எழுதாதவள், என் மகனை மிரட்ட ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. இதைக் கவனித்தேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். நான் ஒரு வீடு கட்டப் போகிறேன். சிறிய வீடு. அதற்கு மனை தேடுகிறேன். மகன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் நல்ல பெண். ஆனால் அது அவளுடைய சமையலறை, அவளுடைய அலமாரி. நான் அங்கே விருந்தாளி. எழுபத்திரண்டு வயதில் நாள் முழுவதும் விருந்தாளியாக இருப்பது களைப்பு தருகிற வேலை.

மனை பார்க்கிறவர்கள் பத்து நிமிடம் பார்க்கிறார்கள். தரகர் காரிலிருந்து இறங்காமலே கையை நீட்டி, "நல்ல காத்தோட்டம்மா" என்கிறார். ஒரு மாத்திரையையே ஆறு விதமாகச் சோதித்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாகும்வரை இருக்கப் போகும் இடத்தைப் பத்து நிமிடத்தில் எப்படி முடிவு செய்வது? அதனால் ஒவ்வொரு மனையிலும் ஒன்பது நாள் உட்காருகிறேன். ஒரே நாளில் காலை ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இதுவரை பதினொரு மனைகளை நிராகரித்துவிட்டேன். ஒன்றில் மதியம் இரண்டு மணிக்கு எதிர்ப்பட்டறையில் வெல்டிங் ஆரம்பிக்கிறது. தரகர் காலையில்தான் ஆட்களை அழைத்து வருகிறார். இன்னொன்றில் மழை நாளில் போய் உட்கார்ந்தேன், நாற்காலியின் கால் ஒரு சாண் இறங்கியது. ஒன்பதாவது மனைக்குப் பக்கத்து வீட்டு நாய், போகிற லாரி ஒவ்வொன்றையும் தன் சொந்த விரோதியாக நினைக்கிறது.

இப்போது பார்ப்பது பன்னிரண்டாவது. ஒரு நேரான தெரு, அதன் ஒரு பக்கத்தில் எட்டு மனைகள், எட்டும் வெட்டிய ரொட்டித் துண்டுகள் போல ஒரே அளவு. மூன்றாம் எண் மனை விற்பனைக்கு வந்திருக்கிறது. தரகர் கொடுத்த படத்தை நான் நம்பவில்லை. நில அளவை அலுவலகத்துக்கே போய், அங்கே மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் கோடுகளை எடுத்தேன். எழுத்தர் விரல் வைத்துக் காட்டிய மனையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். வீட்டுக்கு வந்து மை போட்டு எண்களை எழுதினேன். அந்த அலுவலகத்தில் மனைகளை வலமிருந்து எண்ணியிருக்கிறார்கள். ஊரெல்லாம் இடமிருந்து எண்ணும்போது இவர்களுக்கு மட்டும் என்ன தனி வழக்கம்? ஒரு புகார் எழுதலாம் என்று இருக்கிறேன்.

நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, டிரேசிங் தாளையே உனக்கு அனுப்புகிறேன். நகலில் கோடுகள் தெளிவில்லை. உன் கண்ணாடியை நீ எப்போது மாற்றினாய் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு நானே போட்ட படமும் இருக்கிறது. இரண்டு படுக்கையறை. குளியலறையும் இரண்டு. அதைக் கவனிக்கவும்.

அண்ணி

*

மார்ச் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தில் "அன்புள்ள" இல்லை. தேடிப் பார்த்தேன், பின்பக்கத்திலும் இல்லை. போகட்டும். எழுதினீர்களே, அதுவே எனக்கு இரண்டு நாள் சிரிப்புக்குப் போதுமானதாக இருந்தது. வெல்டிங் பட்டறைக்கு எதிரே குடை பிடித்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்ததை நினைத்து நினைத்துச் சிரித்து, கீழே சைக்கிள் கடைக்காரரிடமும் சொன்னேன். "உங்க அண்ணி சைக்கிள் வாங்க வந்தா தயவுசெஞ்சு வேற கடைக்கு அனுப்பிருங்கக்கா" என்றார்.

நான் இன்னும் அவர் கடைக்கு மேல் அறையில்தான் இருக்கிறேன். காலையில் அவர் காற்றடிக்கும் சத்தத்தில்தான் எழுகிறேன். சீருடைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் துணி வெட்டிவிட்டு ஓய்வு பெற்றேன் இல்லையா, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கையும் சட்டையும் வெட்டிக் கொடுக்கிறேன். கட்டில், வெட்டும் மேசை, இஸ்திரிப் பலகை எல்லாம் ஒரே அறையில். நடுவில் நான் நடக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். நண்டுக்கும் எனக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டாவது படுக்கையறை யாருக்கு?

விருந்தாளிக்கு என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் எந்த விருந்தாளியும் இரண்டு நாளைத் தாண்டியதில்லை. மூன்றாம் நாள் காலையில், துண்டை எந்தக் கொக்கியில் மாட்டுவது என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

குளியலறை இரண்டு என்பதையும் கவனித்தேன். கவனிக்காமல் இருப்பேனா? பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நம் மூன்று பேருக்கும் ஒரே குளியலறை இருந்தபோது, அதன் கதவில் ஒரு நேர அட்டவணை ஒட்டினீர்களே. கோடு போட்டு, கட்டம் கட்டி, உங்கள் கன்னியர் மடப் பள்ளிக் கையெழுத்தில். "நாத்தனார்: 5.40 முதல் 5.52 வரை." பன்னிரண்டு நிமிடம். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே துணி வெட்டுகிறவளுக்குப் பன்னிரண்டு நிமிடம். அண்ணனுக்குப் பதினெட்டு. அதைப் பார்த்த வாரமே நான் கிளம்பினேன். உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு நிமிடங்கள்கூட நினைவிருக்கிறது.

அண்ணன் எனக்கு வைத்த பெயரை இப்போது சொல்ல ஆளில்லை. உறையின் மேலாவது "கத்திரி" என்று எழுதியிருக்கலாம். தபால்காரர் சிரித்திருப்பார்.

கத்திரி

*

மார்ச் 13

கத்திரிக்கு,

உன் அண்ணனுக்குப் பதினெட்டு நிமிடம் கொடுத்ததற்குக் காரணம், அவர் முகச்சவரம் செய்துகொள்ள வேண்டும். அதில் பாரபட்சம் இல்லை. உனக்குக் கொடுத்த பன்னிரண்டுதான் குறைவு. பதினைந்து கொடுத்திருக்க வேண்டும். இந்த வாக்கியத்தை எழுத மூன்று தாள் கிழித்தேன், ஆகவே இதைப் பற்றி மேலும் எதிர்பார்க்காதே.

மனை மிக நன்றாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் பதினொன்றில் ஒன்றைப் பற்றியும் இப்படி எழுதியதில்லை. காலை ஆறே முக்காலுக்கு வெயில் தரையைத் தொடுகிறது. பதினொரு மணிக்குமேல் எதிர்வீட்டுப் பெரிய மரத்தின் நிழல் மனையின் முன்பாதியில் விழுகிறது. நாலு மணிக்குக் காற்று, நோட்டின் பக்கத்தைப் புரட்டுகிற அளவுக்கு. அதற்குமேல் இல்லை. பின்மூலையில் ஓர் எலுமிச்சை மரம் காய்த்துக் கிடக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பேசுகிறார்கள், ஆனால் அதிக நேரம் நிற்பதில்லை. இதைவிட ஒரு தெருவுக்கு வேறு என்ன நற்சான்று வேண்டும்?

ஒரே ஒரு தொந்தரவு. தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு பெரியவர் வருகிறார். காக்கிக் கால்சட்டை, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவராம். முதல் நாள் நேராக மனைக்குள் நடந்து வந்தார்.

"யாருங்க நீங்க?" என்று கேட்டேன்.

"தினமும் இந்தப் பக்கமா வருவேன்மா."

"இது தனியார் நிலம். விற்பனைக்கு இருக்கு. இங்க நடைப்பயிற்சி கூடாது."

"அப்படிங்களா." கொஞ்ச நேரம் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எங்க நிக்கலாம்?"

"அந்த எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்."

மனிதர் போய் நின்றார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். இந்தக் காலத்தில் சொன்னால் கேட்கிறவர்கள் குறைவு. மறுநாள் கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டார்.

"அம்மா, ரெண்டு எலுமிச்சம்பழம் பறிச்சுக்கட்டுமா? வீட்ல கேட்டாங்க."

"உங்களுக்கு என்ன உரிமை?"

"உரிமைன்னு கேட்டீங்கன்னா…" என்று இழுத்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டார்.

எனக்கு இரக்கம் வந்துவிட்டது. "சரி, ரெண்டு. பழுத்ததா பாத்து எடுங்க. கிளைய ஒடிக்கக் கூடாது" என்றேன். தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொண்டேன். மனை கைமாறும்போது மரத்தில் எத்தனை குறைந்தது என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும். அதன் பிறகு தினமும் கேட்டுத்தான் எடுக்கிறார். நன்றியும் சொல்கிறார்.

விற்கிறவர் மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் கேட்கிறார். அதற்குமேல் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவாராம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மனையில் குறை இல்லை. ஆனால் ஒருத்திக்காக ஒரு வீடு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தளம் போட்டு, தண்ணீர்க் குழாய் இழுத்து, நாலு சுவர் எழுப்பி, உள்ளே ஓர் ஆள். பெரிய பெட்டியில் ஒரே ஒரு மாத்திரை.

இரண்டாவது அறை யாருக்கு என்று கேட்டிருக்கிறாய். அது கிழக்குப் பார்த்த அறை. ஜன்னல் அருகே ஆறடி மேசை போட இடம் இருக்கிறது. அவ்வளவுதான் இப்போது சொல்ல முடியும்.

அண்ணி

*

மார்ச் 18

அண்ணிக்கு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவீர்கள், மகன், மருமகள், பிள்ளைகள் எல்லார் காதிலும் விழும். அப்புறம் சம்பந்தியம்மாவுக்குப் போகும். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் டிரேசிங் தாளை என் வெட்டு மேசையில் விரித்து வைத்திருந்தேன். ஆறடி மேசை என்று எழுதினீர்களே, அதை நினைத்துக்கொண்டு, அந்த வீட்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளைத் தூக்கியபோது விரலில் பென்சில் கரி ஒட்டியது. திருப்பிப் பார்த்தேன். பென்சில் கோடு ஒரு பக்கம் இருக்கிறது. உங்கள் மை இன்னொரு பக்கம் இருக்கிறது.

அண்ணி, நீங்கள் தாளைப் புரட்டிப் போட்டு மை போட்டிருக்கிறீர்கள்.

பென்சில் இருக்கிற பக்கம்தான் அலுவலகத்தில் எடுத்த பக்கம். அதில் பெருக்கல் குறி இடமிருந்து மூன்றாவது மனையில் இருக்கிறது. புரட்டினால் வலமிருந்து மூன்றாவதாகிவிடும். அந்த அலுவலகத்துக்காரர்கள் எல்லாரையும் போல இடமிருந்துதான் எண்ணியிருக்கிறார்கள். புகார் அனுப்பிவிடாதீர்கள்.

ஆக, விற்பனைக்கு இருப்பது நீங்கள் உட்கார்ந்த மனை இல்லை. நீங்கள் உட்கார்ந்தது ஆறாம் எண்.

எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். சைக்கிள் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன். அண்ணி, இது எங்கள் தொழிலில் எல்லாரும் ஒரு தடவை செய்கிற தப்பு. நான் ஒரு முறை காகித அச்சைப் புரட்டி வைத்துவிட்டு, நாற்பது சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டினேன். நாற்பது சட்டை, எண்பது இடது கை. மேற்பார்வையாளர் ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, "இதுக்கெல்லாம் ஆளு எங்கிருந்து பிடிக்கிறது?" என்று கேட்டார். நீங்கள் ஒரு மனையைத்தான் மாற்றி உட்கார்ந்தீர்கள்.

ஆனால் ஒன்று தோன்றுகிறது. தினமும் ஐந்து மணிக்கு அந்த நிலத்துக்கு வருகிற, தன் வீட்டுக்கு எலுமிச்சை பறிக்கிற, உரிமை என்ன என்று கேட்டால் தலையைச் சொறிகிற அந்த லிஃப்ட் மெக்கானிக் யாராக இருக்கும்?

கத்திரி

*

மார்ச் 21

கத்திரிக்கு,

நீ சொன்னது சரி. பென்சில் கரி படிந்த பக்கத்தில் மை பரவும் என்று, சுத்தமான பக்கத்தில் மை போட்டேன்.

அவர் யார் என்பதும் சரியாகத்தான் இருக்கும். இன்னும் அவரைப் பார்க்கப் போகவில்லை.

இப்போதைக்கு இவ்வளவுதான்.

அண்ணி

*

மார்ச் 24

அண்ணிக்கு,

நாலு வரியில் உங்களிடமிருந்து கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. பயந்துவிட்டேன். தபால்காரர் முன்னாலேயே பிரித்துப் படித்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பினேன். "இல்லக்கா, உள்ள வேற தாள் இல்ல, நானும் உறைய தட்டிப் பாத்துட்டேன்" என்றார்.

வீட்டு யோசனையையே விட்டுவிடாதீர்கள். முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. உண்மையான மூன்றாம் மனையில் போய் உட்காருங்கள். அவசரமென்றால் ஒன்பது நாளை மூன்றாக்கிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. அந்தப் பெரியவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் நீங்கள் போய்ச் சொல்லாவிட்டால் அவர் இன்னும் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருப்பார், பாவம்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் பத்தொன்பது வருடமாக மடித்து வைத்திருக்கிறேன்.

அந்த அட்டவணைக்காக நான் போகவில்லை. அட்டவணைக்குக் கோபப்பட்டேன், அவ்வளவுதான். கோபத்தில் பையைக் கட்டினேன். பையைக் கட்டுகிறவர்கள் எல்லாரும் போவதற்கே கட்டுவதில்லை. வாசலில் வண்டி நின்றது. வண்டிக்காரரிடம், கொஞ்சம் இருங்க, அவசரமில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். நீங்கள் வெளியே வந்தீர்கள். "போகாதே" என்று சொல்வீர்கள் என்று நின்றேன். நீங்கள் என் பைகளை எண்ணினீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சத்தமாக. "நாலும் இருக்கு, சரியா இருக்கு" என்று சொன்னீர்கள். மருந்துப் பெட்டியைச் சரிபார்த்து அனுப்புவது போல என்னை அனுப்பினீர்கள். அண்ணன் உள்ளே தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

கிழக்குப் பார்த்த அறை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆறடி மேசை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் பக்கவாட்டில் நடந்து அலுத்துவிட்டது. ஆனால் நீங்களே எழுதினீர்கள், விருந்தாளியாக இருப்பது களைப்பு தருகிற வேலை என்று. அந்த வேலைக்கு நான் வர மாட்டேன். மேசைக்கு இடம் இருக்கிறது என்றால் மேசை வரும். நான் வர வேண்டுமென்றால் என்னைக் கேட்க வேண்டும். ஒரு தடவை. சுற்றி வளைக்காமல்.

கத்திரி

*

மார்ச் 29

அன்புள்ள கத்திரிக்கு,

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

திங்கட்கிழமை மாலை நாலே முக்காலுக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். மனைக்குள் கால் வைக்கவில்லை, தெருவிலேயே நின்றேன். கன்னியர் பள்ளியில் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது: மன்னிப்பை நின்றுகொண்டு கேட்க வேண்டும், மூன்று வாக்கியத்துக்குமேல் போகக் கூடாது, நடுவில் "ஆனால்" வரக் கூடாது. வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். மருமகள் எட்டிப் பார்த்தாள், "யார திட்டப் போறீங்க அத்தை?" என்று கேட்டாள்.

ஐந்து மணிக்கு அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

"ஐயா, இது உங்கள் நிலம். வேறு மனை என்று நினைத்து ஒன்பது நாள் அனுமதியில்லாமல் உட்கார்ந்தேன், உங்களையே வெளியே நிறுத்தினேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். மூன்று வாக்கியம். "ஆனால்" வரவில்லை.

மனிதர் சிரிக்கவில்லை. காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "மொத நாளே சொல்லத்தான்மா வந்தேன். நீங்க கைய நீட்டி அந்தப் பக்கம் நில்லுங்கன்னீங்க. நின்னுட்டேன். நின்னதுக்கப்புறம், இது என் நிலம்னு சொல்ல ஒரு மாதிரியா போச்சு."

"எலுமிச்சம்பழத்துக்கும் என்கிட்ட கேட்டீங்களே."

"கேட்டா குடுப்பீங்கன்னு தெரியும். மொத்தம் பதினாறு குடுத்தீங்க."

என் நோட்டிலும் பதினாறுதான்.

அவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். அவர் மனைவி என்னைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இரண்டு தெரு தள்ளி, மகள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். அந்த அம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார். பருத்த உடம்பு, முழங்கால் வலி, குரல் மட்டும் மைதானத்துக்குக் கேட்கும்.

"நீங்கதானா அது? முப்பத்தெட்டு வருஷமா இந்த மனுஷன ஒரு இடத்துல நிக்க வைக்க நானும் பாக்கறேன். நீங்க ஒரே நாள்ல நிக்க வச்சிட்டீங்க."

"தெரியாம செஞ்சுட்டேன்" என்றேன்.

"தெரியாம செஞ்சதே இப்படின்னா, தெரிஞ்சு செஞ்சா லிஃப்டே நின்னுரும்" என்றார். அவர் சிரிக்கச் சிரிக்க நாற்காலி ஆடியது. கத்திரி, நானும் சிரித்தேன். வெகு நாளைக்குப் பிறகு வாயைக் கையால் மூடாமல் சிரித்தேன்.

மறுநாள் நீ சொன்னபடி உண்மையான மூன்றாம் மனைக்குப் போனேன். ஒன்பது நாள் தேவைப்படவில்லை. ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. தெருவின் அந்த முனையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தினமும் பன்னிரண்டரைக்கு அது நிரம்பி வழிகிறது, வழிகிற தண்ணீர் நேராக மூன்றாம் மனைக்கு வந்து குளம் கட்டுகிறது. தரகர் காலையில் அழைத்து வந்தால் தரை காய்ந்து அழகாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆக, தாளைச் சரியான பக்கத்தில் வைத்து மை போட்டிருந்தால் நான் ஆறாம் மனையைப் பார்த்தே இருக்க மாட்டேன். இதற்காக நான் பெருமைப்படவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

என் நோட்டைப் பெரியவரிடமே கொடுத்துவிடுவதுதான் நியாயம் என்று தோன்றியது. அவர் நிலத்தைப் பற்றிய ஒன்பது நாள் குறிப்பு. வீடு கட்டும்போது அவருக்குப் பயன்படும். கொண்டுபோய்க் கொடுத்தேன். கணவனும் மனைவியும் அதை மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் படித்தார்கள். நாலு மணிக் காற்றைப் பற்றி எழுதியிருந்ததை அந்த அம்மாள் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "இத நாம கட்டப் போறதில்ல, தெரியுமில்ல?" என்று கணவரிடம் கேட்டார்.

"தெரியும்" என்றார் அவர்.

"எனக்கு இந்தக் காலோட புது வீட்டுக்குப் போற தெம்பு இல்ல. மகளும் இங்கதான் இருக்கா."

"தெரியும்ங்கறேன்ல."

"அப்ப எதுக்கு தினமும் அஞ்சு மணிக்கு போயி நின்னுட்டு வர்றீங்க?"

அவர் நோட்டை மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எடுத்துக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். "நாலு பேரு வந்து கேட்டாங்க. ஒருத்தரும் உள்ள எறங்கிக்கூட பாக்கல."

விலை பேசி முடித்ததும் இரண்டு நிபந்தனைகள் போட்டார்கள். எலுமிச்சை மரத்தை வெட்டக் கூடாது. அவர் மாலையில் வந்தால் கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டேன். என் மகனும் வந்து பார்த்தான். மனையின் நடுவில் நின்று, "அம்மா, இங்க சும்மா நின்னாலே நல்லா இருக்கு" என்றான். பத்து நிமிடத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

இனி, உன் கடிதத்துக்கு வருகிறேன்.

நீ போன அன்று பைகளை எண்ணினேன். உண்மை. சத்தமாக எண்ணினேன், அதுவும் உண்மை. எதற்கு எண்ணினேன் என்று நீ கேட்கவில்லை. ஒன்று குறைந்தால், அதை எடுக்க நீ திரும்பி வர வேண்டியிருக்கும். அதற்காக எண்ணினேன். நாலும் இருந்தது. நீ எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. "சரியா இருக்கு" என்று சொன்ன பிறகு உள்ளே போய், அட்டவணையைக் கிழித்தேன். உன் அண்ணன், "இதை பத்து நிமிஷம் முன்னாடி கிழிச்சிருக்கலாம்" என்றார். அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதால்தான்.

"போகாதே" என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்று எழுத நினைத்தேன். அது சாக்குப்போக்கு. ஐம்பத்து மூன்று வயதில் அதைக் கற்றுக்கொடுக்க ஆள் தேவையில்லை. வாயில் வந்தது, சொல்லவில்லை. நீ முதலில் சொல்வாய் என்று காத்திருந்தேன். இருவரும் அதற்காகவே காத்திருந்து, வண்டிக்காரரை நிற்க வைத்திருக்கிறோம்.

இப்போது கேட்கிறேன். ஒரு தடவை கேட்கச் சொன்னாய். என்னோடு வந்து இரு. விருந்தாளியாக வேண்டாம். பத்திரத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும் என்று பத்திரம் எழுதுபவரிடம் சொல்லிவிட்டேன். முதல் பெயர் உன்னுடையதாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. உன் துண்டை எந்தக் கொக்கியில் வேண்டுமானாலும் மாட்டு. சமையலறையில் அடுப்பு எந்தப் பக்கம் என்று நீ முடிவு செய். கதவுகளில் நான் எதையும் ஒட்ட மாட்டேன். ஒட்டினால் கிழித்துவிடு, நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன். நாம் சண்டை போடுவோம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த முறை நீ பையைக் கட்டினால் நான் எண்ண மாட்டேன். வாசலை மறைத்துக்கொண்டு நிற்பேன்.

நீ வருவதாக இருந்தால் கட்டுவேன். வராவிட்டால் நிலம் வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லிவிடுவேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நானும் உன்னைக் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் வருத்தப்படுவேன். இதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

பத்திரப் பதிவு ஏப்ரல் பன்னிரண்டு. பத்தாம் தேதிக்குள் எனக்குப் பதில் கிடைக்க வேண்டும். போனில் வேண்டாம், மகன் மூலமாகவும் வேண்டாம். வருகிறாயா இல்லையா என்று உன் கையால் எழுதி அனுப்பு.

அண்ணி